ஊருக்கு ஓர் அம்புலன்ஸ்: வண்டியின் வகை முதல் ஒட்சிசன் சாவி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் பணம் சேர்த்து, ஊர் வைத்தியசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ ஒரு நோயாளர் காவு வண்டியை வாங்கிக் கொடுப்பது யாழ்ப்பாணத்தில் நாம் அடிக்கடி காணும் நற்பணி. முதலுதவிப் பயிற்சி அளிப்பவன் என்ற வகையில் அதற்கான கூட்டங்கள் சிலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். வண்டியின் விலை, நிறம், பக்கவாட்டில் யாருடைய ஞாபகார்த்தமாக எழுதுவது என்பவை மணிக்கணக்கில் பேசப்படும். எந்த நிலையிலுள்ள நோயாளரை அதில் ஏற்றப் போகிறோம் என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும், சில வேளைகளில் வராமலே போகும். அம்புலன்ஸ் ஒன்றின் வகையைத் தீர்மானிப்பது அதன் உள்ளே ஓடும் போதே என்ன சிகிச்சை செய்ய முடியும் என்பதுதான். அந்தக் கண்கொண்டு வண்டியைத் தெரிவு செய்ய, உள்ளே பொருத்த, தினமும் சரிபார்க்க, அவசர வேளையில் அழைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: நோயாளரிலிருந்து தொடங்குங்கள்

வண்டிகளின் படங்களைப் பார்க்கும் முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றப்படும் நோயாளர் பயணத்தின்போது நிலை மாறக்கூடியவரா, அல்லது குருதிச் சுத்திகரிப்புக்கோ கிளினிக்குக்கோ போய்த் திரும்பும், நிலை சீரானவரா? அவருக்கு வழியில் ஒட்சிசன், சளி உறிஞ்சல், நெஞ்சழுத்தம் போன்றவை தேவைப்படலாமா? அவருடைய மூச்சையோ குருதியழுத்தத்தையோ இயந்திரமும் மருந்தும் தொடர்ச்சியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்குமா? முதற் கேள்விக்கு நிலை சீரானவர் என்பதே விடையானால் உங்களுக்கு வேண்டியது நோயாளரை ஏற்றி இறக்கும் வண்டி. இரண்டாவதற்கு ஆம் என்றால் அடிப்படை உயிர்காப்பு வண்டி. மூன்றாவதற்கும் ஆம் என்றால் நடமாடும் தீவிர சிகிச்சைப் பிரிவு. இவற்றுக்கிடையிலான விலை வேறுபாட்டை விடப் பணியாளர் வேறுபாடே பெரியது. மூச்சைத் தாங்கும் இயந்திரமான வென்ரிலேற்றரை வாங்கிவிட்டு அதை இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் வண்டியை ஓடவிட்டால், அது விலையுயர்ந்த ஏற்றியிறக்கும் வண்டியாக மட்டுமே இருக்கும்.

இரண்டாம் படி: வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

உலகில் பல வகைப்பாடுகள் உண்டு. ஐரோப்பாவின் ஈஎன் 1789 என்ற தரநிலை ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கிறது: ஏ அவசரமற்ற நோயாளரைக் கொண்டுசெல்வது, பி அவசர அம்புலன்ஸ், சி நடமாடும் தீவிர சிகிச்சை வண்டி. ஏ வகைக்குள்ளும் ஒருவரை மட்டும் ஏற்றுவது, பலரை ஏற்றுவது என்ற உட்பிரிவு உண்டு. இந்தியாவின் ஏஐஎஸ் 125 தரநிலை நான்காகப் பிரிக்கிறது: நோயாளரை ஏற்றாமல் முதலில் சென்று உதவும் வாகனம், நோயாளர் போக்குவரத்து வண்டி, அடிப்படை உயிர்காப்பு வண்டி, உயர்நிலை உயிர்காப்பு வண்டி. அமெரிக்கர்களின் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வகைப்பாடு வேறு நோக்கம் கொண்டது. லொறியின் அடிச்சட்டத்தில் பெட்டி பொருத்தியது ஒன்று, உயர்கூரை வான் இரண்டு, வானின் முன்பகுதியோடு பெட்டியை இணைத்தது மூன்று என அது உடலமைப்பை மட்டுமே சொல்கிறது. ஆகவே ஒரு விற்பனையாளர் வகையின் எண்ணைச் சொன்னால், அது எந்த நாட்டு வகைப்பாடு என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

நம்மிடையே ஓடுபவற்றை வேறு விதமாகப் பார்க்கலாம். வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ நோயாளரை எடுத்துச் செல்வது 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய சேவை. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை, 2018 ஜூலை 21 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கும் வந்தது. கட்டணம் கிடையாது. வாகனங்கள் போர்ஸ் ட்ரவலர் உயர்கூரை வான்கள். சாரதியோடு பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார். வைத்தியசாலைகளின் சொந்த அம்புலன்ஸ்கள் பெரும்பாலும் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை நோயாளரை மாற்றும் வேலையைச் செய்கின்றன. பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆகிய ஆதார வைத்தியசாலைகளிலிருந்து, நம்மவர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் யாழ் போதனா வைத்தியசாலைக்கு வருகின்ற ஓட்டம் அதுதான். தனியார் வண்டிகளும் நன்கொடை வண்டிகளும் மூன்றாவது கூட்டம். இவற்றுக்குள்ளேதான் தரம் மிகக் கூடவும் குறையவும் இருக்கிறது.

சாலையில் ஓடாதவற்றையும் மறக்க முடியாது. நெடுந்தீவிலோ அனலைதீவிலோ ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதல் அம்புலன்ஸ் படகுதான். கடலைக் கடந்து இறங்குதுறைக்கு வந்த பின்னரே சில்லுள்ள வண்டி அவரை ஏற்கிறது. படகுக்கான கருவிகள் தனி ரகம்: உப்புக்காற்றில் துருவேறாத தூக்குப்படுக்கை, மிதக்கும் முதுகுப் பலகை, நீர் புகாத பெட்டிக்குள் அடைத்த மருந்துகள், மின்சாரம் வேண்டாத கையியக்கச் சளி உறிஞ்சி, நோயாளருக்கும் சேர்த்து உயிர்காப்பு அங்கி. படுக்கையோடு நோயாளரைக் கட்டும் பட்டிகள், வள்ளம் கவிழ்ந்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும். உலங்கு வானூர்தியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது வேறு: உயரம் கூடக் கூடக் காற்று விரிவடைவதால், நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்துள்ளவருக்கு அது உயிராபத்தாகும், ஆகவே கசிந்த காற்றை வெளியேற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

மோட்டார் சைக்கிள் முதலுதவியாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் நோயாளரை ஏற்றுவதில்லை. சிறிய ஒட்சிசன் சிலிண்டர், மூச்சூட்டும் பை, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஈடி கருவி, குருதிப்பெருக்கை நிறுத்தும் பொருட்கள் ஆகியவற்றோடு முதலில் வந்து சேர்வார். எங்கள் ஒழுங்கைகளின் அகலத்தை நினைத்தால், நன்கொடைப் பணம் குறைவாக உள்ள ஊருக்கு இதுவே மிகப் பொருத்தமான முதல் வாகனம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: உடலமைப்பைச் சோதியுங்கள்

இங்கே அதிகமாக வருவது ரொயோட்டா ஹையேஸ் ரக வான். தாழ்கூரை வண்டியில் உதவியாளர் முதுகை வளைத்தபடியே நிற்க வேண்டியிருப்பதால், ஓடும் வண்டியில் நெஞ்சழுத்தம் கொடுப்பது இயலாத காரியமாகிவிடும். உயர்கூரை வண்டியே வேண்டும். பக்கக் கதவு இடப்புறம் திறக்க வேண்டும், ஏனெனில் நமது வீதிகளில் நடைபாதை அந்தப் பக்கமே இருக்கிறது. கனடாவிலோ ஐரோப்பாவிலோ பாவித்த வண்டியை அப்படியே கொண்டுவர நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஜப்பானிலிருந்து வண்டியோடு சேர்ந்து வரும் மருத்துவக் கருவிகள் 100 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ற்றில் நேரே செருகினால் அன்றே கருகிவிடும்.

படுக்கையின் தலைப்பக்கத்தில், நோயாளரின் முகத்தைப் பார்த்தபடி உட்காரும் கதிரை ஒன்று கட்டாயம். மூச்சுப் பாதையைக் காப்பாற்றும் வேலை முழுவதும் அங்கிருந்துதான் நடக்கும். படுக்கை தரையிலுள்ள பூட்டில் இறுகியிருக்க வேண்டும், நோயாளருக்கு இடுப்புப் பட்டி மட்டும் போதாது, தோள்பட்டியும் வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைக் கயிற்றால் கட்டி ஒரு மூலையில் நிறுத்துவதை நான் பல வண்டிகளில் கண்டிருக்கிறேன். திடீரெனப் பிரேக் போட்டால் பல கிலோ எடையுள்ள அந்த இரும்பு, நோயாளரின் தலைமாட்டை நோக்கிப் பாயும். உலோகப் பட்டி கொண்ட தாங்கியில் இறுக்குவதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

முன்புறத்தில் பெயரை இடவலம் மாற்றி எழுதுவது, முன்னால் போகும் சாரதி தன் கண்ணாடியில் நேராக வாசிப்பதற்காக. செஞ்சிலுவைச் சின்னத்தை விரும்பியபடி வரைந்துகொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1949 ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதற்குப் பதிலாக நீல நிறத்தில் ஆறு கைகள் கொண்ட நட்சத்திரம் பல நாடுகளில் வழங்குகிறது. கண்டறிதல், அறிவித்தல், விரைந்து வருதல், இடத்தில் கவனித்தல், வழியில் கவனித்தல், ஒப்படைத்தல் என்ற ஆறு கட்டங்களை அந்தக் கைகள் குறிக்கின்றன.

நான்காம் படி: மூச்சுக்கான கருவிகளை முதலில் வாங்குங்கள்

பணம் மட்டுமட்டாக இருந்தால், எதை விட்டாலும் மூச்சை விடாதீர்கள். இந்த வரிசையை எனக்குக் கற்பித்தது ஓர் இரவு. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பெரியம்மாவை ஓர் ஊர் வைத்தியசாலையிலிருந்து மாற்றியபோது, பாதி வழியில் சிறிய சிலிண்டர் முடிந்துவிட்டது. பக்கத்திலேயே நிறைந்த சிலிண்டர் ஒன்று இருந்தது. அதன் வாயைத் திறக்கும் சாவிதான் வண்டியில் இல்லை. பெட்டி பெட்டியாகத் தேடினோம். பெரியம்மாவின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. கடைசியில் சாரதி, வீதியோரத்தில் சைக்கிள் திருத்தும் ஒருவரின் படலையைத் தட்டி எழுப்பிக் குறடு வாங்கி வந்தார். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அன்று முதல் நான் எந்த அம்புலன்ஸில் ஏறினாலும் முதலில் பார்ப்பது, சிலிண்டரின் கழுத்தில் சாவி தொங்குகிறதா என்பதைத்தான். ஒரு முழம் நைலோன் கயிற்றில் அதைச் சிலிண்டரோடு கட்டிவிட வேண்டும், சாரதியின் சட்டைப் பையிலோ மேசை லாச்சியிலோ அது இருக்கக் கூடாது.

ஒட்சிசன் எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்பதைக் கணக்கிட ஒரு காகிதமும் பேனையும் போதும். சிலிண்டரில் பொறித்திருக்கும் நீர்க் கொள்ளளவை, மானி ‘பார்’ என்ற அலகில் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளிருக்கும் வாயுவின் லீற்றர் கிடைக்கும். பத்து லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரின் மானி 120 காட்டினால் 1,200 லீற்றர். கடைசி 20 பாரை எண்ணாமல் விட்டால் பயன்படுவது 1,000 லீற்றர். நிமிடத்துக்கு 15 லீற்றர் ஓடும் முகமூடிக்கு அது ஏறத்தாழ 66 நிமிடம் வரும். பருத்தித்துறையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குத் தாராளமாகப் போதும். அதே நோயாளரைச் சுமார் 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு ஏற்றுகிறீர்கள், ஏழு மணித்தியாலம் ஆகும் என்றால், தேவை 6,300 லீற்றர். அத்தகைய சிலிண்டர்கள் ஏழு. தாமதத்துக்காக இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கைப் புறப்படும் முன்னர் சாரதியும் உதவியாளரும் சேர்ந்து சத்தமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூக்குக் குழாய்க்கு நிமிடத்துக்கு ஆறு லீற்றர் வரையும், சாதாரண முகமூடிக்கு ஐந்து முதல் பத்து வரையும், சேமிப்புப் பையுள்ள முகமூடிக்குப் பத்து முதல் பதினைந்து வரையும் விட வேண்டும். முகமூடியைப் போடும் முன்னர் அதன் பை ஊதி நிறைய வேண்டும். மூச்சூட்டும் பை மூன்று அளவுகளில் இருத்தல் அவசியம்: வளர்ந்தோருக்கு ஒன்றரை லீற்றர் அளவானது, பிள்ளைகளுக்கு அரை லீற்றர் அளவானது, பச்சிளங்குழந்தைக்குக் கால் லீற்றர் அளவானது. வளர்ந்தோருக்கு ஆறு வினாடிக்கு ஒரு தடவை, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் அமுக்க வேண்டும். பதற்றத்தில் வேகமாக அமுக்குவதால் வயிறு ஊதி வாந்தி வருவதே வழக்கமான தவறு.

அந்த வாந்தியைச் சமாளிப்பது சளி உறிஞ்சி. குழாயை விரலால் அடைத்தால் நான்கு வினாடிக்குள் மானி 300 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் அது அவசரத்துக்கு உதவாது. மின்சாரத்தில் ஓடுவது ஒன்றும் கையால் இயக்குவது ஒன்றுமாக இரண்டு வைத்திருங்கள்.

ஐந்தாம் படி: நமது மண்ணின் விபத்துகளுக்கு ஏற்பப் பெட்டியை நிரப்புங்கள்

பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளியை எடுத்துப் பாருங்கள். அவருடைய முள்ளந்தண்டு முறிந்திருக்கலாம். கைகால்களைப் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டியில் உட்கார வைத்தால், நடக்கக்கூடியவராக இருந்தவர் இடுப்புக்குக் கீழே உணர்விழந்துபோகக் கூடும். அவருக்காகவே வண்டியில் கழுத்துப்பட்டி, தலையின் இருபுறமும் வைக்கும் தாங்கிகள், நீளவாட்டில் இரண்டாகப் பிரியும் அள்ளுபடுக்கை ஆகியவை இருக்கின்றன. அள்ளுபடுக்கையின் இரு பாதிகளையும் இடமும் வலமுமாக உடம்பின் கீழே செருகிப் பூட்டினால், அவரை உருட்டாமலே எடுக்கலாம். அது இல்லையென்றால் நால்வர் வேண்டும்: ஒருவர் தலையைப் பிடித்து எண்ணிக் கட்டளையிட, மூவர் ஒரே பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் உருட்ட, இடையில் பலகை செருகப்படும். கடினமான முதுகுப் பலகை எடுப்பதற்கு மட்டுமே உரியது. அதன்மேல் நெடுநேரம் கிடத்தினால் தோல் புண்ணாகும் என்பதால், தூரப் பயணத்துக்குக் காற்றுறிஞ்சி இறுக்கும் மெத்தையே சிறந்தது.

வீதி விபத்துக்கு: தொடையெலும்பை இழுத்துப் பிடிக்கும் கட்டு, முறிந்த எலும்பை அசையாமல் தாங்க வளைத்துப் பொருத்தும் சிம்புகள், குருதி நிறுத்தும் இறுக்குபட்டி, அழுத்தக் கட்டுத்துணிகள், ஆடை வெட்டும் மொட்டைமுனைக் கத்தரிக்கோல், உடம்பு சூடு காக்கும் படலப் போர்வை. இறுக்குபட்டி போட்ட நேரத்தை அதன் மேலேயே எழுதுங்கள்.

பாம்புக்கடிக்கு அம்புலன்ஸில் விஷமுறி மருந்து வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அது கடும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. வைத்தியர் பக்கத்தில் நிற்க, வைத்தியசாலையிலேயே ஏற்ற வேண்டியது. வண்டியின் வேலை கடிபட்ட காலைச் சிம்பு வைத்து அசையாமல் கட்டி, மோதிரத்தையும் கொலுசையும் கழற்றி, இமை தொங்குகிறதா, பேச்சுக் குளறுகிறதா என்று கவனித்தபடி, மூச்சூட்டும் பையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது. கீறுவதற்கும் இறுக்கிக் கட்டுவதற்கும் எந்தக் கருவியும் வேண்டாம்.

பிரசவப் பெட்டி முத்திரை உடையாமல் தனியாக இருக்கட்டும்: கிருமி நீக்கிய கையுறை, தொப்புள் கொடிக்கு இரண்டு கவ்விகள், கத்தரி, சளி உறிஞ்சும் குழாய், உலர்ந்த துவாய்கள், குழந்தைக்குத் தொப்பி. துவாயும் தொப்பியும் சாதாரணமாகத் தெரிந்தாலும், பிறந்த குழந்தை நனைந்தபடி குளிர்ந்து போவதைத் தடுப்பவை அவைதான்.

மருந்துகளில் அடிப்படை வண்டிக்கு அஸ்பிரின், வாயில் கொடுக்கும் குளுக்கோசு, மருந்தைப் புகையாக்கி மூச்சோடு இழுக்கவைக்கும் நெபுலைசரோடு, மூச்சுத்திணறலுக்கான சல்பியூட்டமோல் போன்றவை போதும். குளுக்கோசு அளவு பார்க்கும் கருவி, குருதியழுத்தமானி, குருதியின் ஒட்சிசன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர் ஆகியவற்றையும், ஏஈடி கருவியையும் இதே வரிசையில் சேருங்கள். ஏஈடியின் ஒட்டுத் தகடுகளுக்கும் பற்றரிக்கும் காலாவதித் திகதி உண்டு. தகடு உலர்ந்த ஏஈடியை நம்பி எவரும் நிற்கக் கூடாது.

ஆறாம் படி: தீவிர சிகிச்சை வண்டி என்றால் மின்சாரத்திலிருந்து யோசியுங்கள்

இதயத்துடிப்பை வரைந்து காட்டி மின்னதிர்ச்சியும் கொடுக்கும் மொனிற்றர், பயண வென்ரிலேற்றர், மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தும் சிரிஞ்சுப் பம்புகள், மூச்சுக்குழாய் இறக்கும் பெட்டி, அட்ரினலின் முதலிய அவசர மருந்துகள்: இவ்வளவும் சேர்ந்ததே உயர்நிலை வண்டி. இந்தக் கருவிகள் எல்லாம் வண்டியின் 12 வோல்ற்றை 230 ஆக மாற்றும் கருவியிலிருந்தே ஊட்டம் பெறுவதால், அதன் சக்தி எல்லாக் கருவிகளின் கூட்டுத் தேவையையும் விடக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது பற்றரி ஒன்றும், நிறுத்தியிருக்கும்போது வைத்தியசாலை மின்னிணைப்பில் செருகும் வசதியும் வேண்டும். குறைமாதக் குழந்தைக்கான பயண இன்குபேற்றர் புறப்படும் முன்னரே சூடேறியிருக்க வேண்டும். குழந்தையின் உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். கருவி இல்லையெனில் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோலாக அணைத்துக் கட்டுவது நல்ல மாற்று. ஜேர்மனியில் 2008 முதல் மூளையைப் படமெடுக்கும் சிரி ஸ்கானரோடு ஓடும் வண்டியும் இருக்கிறது, ஆனால் அது நம் ஊர்ச் சங்கங்களின் பட்டியலுக்கு உரியதல்ல.

ஏழாம் படி: ஒவ்வொரு காலையும் சரிபாருங்கள்

பணி மாறும் நேரத்தில் ஒருவர் அட்டவணையை வாசிக்க, மற்றவர் பொருளைக் கையால் தொட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்து ஒப்பமிடுவது சோதனை ஆகாது. சிலிண்டரைத் திறந்து மானியை வாசித்து எண்ணை எழுதுங்கள். சளி உறிஞ்சியை இயக்குங்கள். மூச்சூட்டும் பையின் வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கிக் கசிவு பாருங்கள். படுக்கையை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பூட்டுங்கள். பிறகு எரிபொருள், ரயர், மேலதிகச் சில்லு, சைரன், ரோச் லைட். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளுக்காக முழங்கால் சப்பாத்தும் ஒரு நீளக் கயிறும் வைத்திருப்பது நல்லது.

எட்டாம் படி: அழைப்பதும் ஒப்படைப்பதும்

1990 என்ற இலக்கத்தைத் தமிழிலேயே அழைக்கலாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அழைப்புத் துண்டிக்கப்பட்டாலும் வண்டி புறப்பட அதுவே போதும். ஊரின் பெயர், சந்தி, கோயில் அல்லது பாடசாலை, அங்கிருந்து எந்தப் பக்கம் எத்தனையாவது ஒழுங்கை என்பதைச் சொல்லிவிட்டு, நோயாளர் நினைவோடு இருக்கிறாரா, மூச்சு வருகிறதா என்பதைச் சொல்லுங்கள். கேட்பவர் வைக்கச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்க வேண்டாம். ஒருவரைச் சந்திக்கு அனுப்புங்கள், இரவென்றால் ரோச் லைட்டோடு. படலையை அகலத் திறந்து, நாயைக் கட்டி, முற்றத்துச் சைக்கிள்களை ஒதுக்கிவிடுங்கள். பாவிக்கும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுங்கள்.

வைத்தியசாலையில் ஒப்படைக்கும்போது உதவியாளர் சொல்ல வேண்டியவை: என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன கண்டோம், என்ன செய்தோம், அதன் பின் நிலை எப்படி மாறியது. அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம், ஆனால் எழுத்திலும் கொடுக்க வேண்டும். பின்னர் படுக்கையிலும் தரையிலும் பட்ட குருதியைத் துடைத்து, 0.5 சதவீதக் குளோரின் கரைசலிட்டுப் பத்து நிமிடம் விட்டுக் கழுவி, செலவான முகமூடியையும் குழாயையும் கட்டுத்துணியையும் புதிதாக வைத்து, சிலிண்டரின் மானியை மறுபடியும் வாசித்து எழுதிய பின்னரே வண்டி அடுத்த அழைப்புக்கு ஆயத்தம் என்று அறிவிக்கலாம். சாவி கயிற்றில் தொங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.